மும்பை மிஷனை யார் கண்ணிலும் படாமல் முடிப்பது எப்படி: ஹிட்மேன் 2-க்குப் புதியவர்களுக்கு

ஹிட்மேன் 2 விளையாட்டில் நான்காவது ஊராக வருவது நம்ம மும்பை. மிஷனின் பெயர் 'சேசிங் எ கோஸ்ட்'. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ இருக்கும் ஒருவர் கையில் இந்த விளையாட்டைக் கொடுத்தால், மயாமியையும் பாரிஸையும் தள்ளிவிட்டு நேராக இதற்குத்தான் போவார். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான் போனான். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பக்கமும் துப்பாக்கிச் சத்தம். "மாமா, இது ரொம்பக் கஷ்டம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். அவன் விளையாடியதைப் பார்த்தேன்: எல்லா இடத்திலும் குனிந்து குனிந்து போனான், யாராவது திரும்பிப் பார்த்தால் உடனே அடித்தான். இந்த விளையாட்டில் நிமிர்ந்து நடப்பவனை யாரும் கேட்பதில்லை. அதை மட்டும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கோபன்ஹேகனில் இருக்கும் ஐஓ இன்டராக்டிவ் செய்த விளையாட்டு இது. இதில் நீங்கள் 47 என்ற கூலிக் கொலையாளி; ஒவ்வொரு ஊரிலும் குறித்துக் கொடுத்த ஆட்களை, அதாவது டார்கெட்டுகளை, தீர்த்துக்கட்டிவிட்டு வெளியேற வேண்டும். 2016, 2018, 2021 என்று மூன்று பாகங்களாக வந்ததை 2023 ஜனவரியில் 'வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்' என்ற ஒரே பெயரில் சேர்த்துவிட்டார்கள். இப்போது வாங்கினால் மும்பை அதற்குள்ளேயே இருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு. வீட்டில் சின்னப் பசங்க இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை அடையப் போகிறோம்?

மாட்டிக்கொள்ளாமல் முடித்தால் கிடைக்கும் ரேட்டிங்கின் பெயர் 'சைலண்ட் அசாசின்'. அதற்கு நான்கு நிபந்தனைகள். நீங்கள் செய்யும் குற்றத்தை யாரும் பார்க்கக் கூடாது. டார்கெட் தவிர வேறு யாரும் சாகக் கூடாது. நீங்கள் கிடத்திய உடல் யார் கண்ணிலும் படக் கூடாது. கேமராவில் உங்கள் முகம் இருக்கக் கூடாது. மற்றவர்களை மயக்கமடையச் செய்யலாம், அதில் தப்பில்லை. ஆனால் மயங்கிக் கிடப்பவரை யாராவது கண்டுபிடித்தால் அதுவும் உடல் கணக்கில்தான் சேரும். புதியவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஆரம்பிக்கும் முன்

டிஃபிகல்ட்டியில் 'புரொஃபஷனல்' வையுங்கள். 'கேஷுவல்' ரொம்பச் செல்லம் கொடுக்கும்; அங்கே பழகிய கையோடு மேலே போனால் தடுமாறுவீர்கள். இந்த இரண்டிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். 'மாஸ்டர்' பக்கம் இப்போது போக வேண்டாம், அங்கே ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு சேவ்தான். சேவ் செய்து, தப்பு நடந்தால் லோடு செய்வது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். ரேட்டிங் அதனால் குறையாது.

அமைப்புகளில் சைலண்ட் அசாசின் டிராக்கரை ஆன் செய்துகொள்ளுங்கள். ரேட்டிங் இன்னும் கையில் இருக்கிறதா போய்விட்டதா என்பதைத் திரையிலேயே காட்டும். அது இல்லாமல் விளையாடினால், முதல் நிமிடத்திலேயே போனது கடைசியில்தான் தெரியும். ஆங்கில சப்டைட்டிலையும் ஆன் செய்யுங்கள். காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்தான் பாதி வழி இருக்கிறது. பக்கத்தில் லோக்கல் ரயிலும் குக்கர் விசிலும் சேர்ந்து கத்தும் வீடுகளில் அது காதில் விழாது. ஒரு ஹெட்போன் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

நேராக மும்பைக்குப் போகாமல் பயிற்சி மிஷன் இரண்டையும் முடித்துவிடுங்கள். ஒன்று ஒரு கப்பலில் நடக்கும், இன்னொன்று ஒரு ராணுவ விமானத் தளத்தில். இலவசமாகக் கிடைக்கும் ஸ்டார்ட்டர் பேக்கிலேயே இவை உண்டு என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் உங்களுக்குப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுற்று: ஒன்றும் செய்யாதீர்கள்

மும்பையில் இறங்கியதும் யாரையும் தொடாமல் தெருக்களைச் சுற்றுங்கள். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. கடைத்தெரு, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் சால் கட்டடம், வரிசையாகத் துணி உலரும் சலவைத் துறை, பாதி கட்டி நிற்கும் ஓர் உயரமான டவர், பழைய ரயில் பெட்டிகள் நிற்கும் யார்டு என்று ஊர் விரிந்து கிடக்கும். மஹாலக்ஷ்மி தோபி காட்டைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சலவைத் துறை உடனே பிடிபடும். தெருவில் எல்லோரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதுதான் கொஞ்சம் சிரிப்பு. நம்ம ஊர்ச் சந்தில் அது எங்கே நடக்கிறது?

சுற்றும்போது இன்ஸ்டிங்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். உலகம் மங்கி, டார்கெட் சிவப்பாகத் தெரிவார்கள், சுவருக்குப் பின்னால் இருந்தாலும். எடுக்கக்கூடிய, பயன்படுத்தக்கூடிய பொருட்கள் மஞ்சளாக மின்னும். இங்கே மூன்று டார்கெட். டவரில் சினிமாத் தயாரிப்பாளர் தாவூத் ரங்கன், ரயில் யார்டில் வான்யா ஷா, அப்புறம் மேல்ஸ்ட்ரோம் என்று அழைக்கப்படும் வாசிர் காலே. முதல் இருவர் இருக்குமிடம் தெரியும். மூன்றாமவர் யார் என்பதையே நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவனாகத் திரிந்துகொண்டிருப்பார். மிஷனின் பெயரில் பேய் இருப்பதற்குக் காரணம் அவர்தான்.

ஒவ்வொரு டார்கெட்டும் ஒரு வட்டத்தில் நடப்பார்கள். எங்கே நிற்கிறார், எங்கே தனியாகிறார், எங்கே குடிக்கிறார் என்று ஒரு முழுச் சுற்று பார்த்துவிட்டால், இரண்டாவது சுற்றில் அவருக்கு முன்பே நீங்கள் அந்த இடத்தில் இருக்கலாம்.

வேஷம்

இந்த விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

1998-இல் வந்த தீஃப் போன்ற, ஒளிந்து ஒளிந்து ஆடும் பழைய ஸ்டெல்த் விளையாட்டுகளில் இருட்டுதான் கவசம். நிழலில் நின்றால் தெரிய மாட்டீர்கள். ஹிட்மேனில் அந்தக் கணக்கு செல்லாது, இருட்டில் நின்றாலும் பார்ப்பார்கள். இங்கே உங்களை மறைப்பது உடை. சலவைத் தொழிலாளியின் உடை போட்டால் சலவைத் துறைக்குள் யாரும் கேட்க மாட்டார்கள். மெய்க்காவலர் உடை போட்டால் டவருக்குள் போகலாம், துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் குற்றமில்லை. மொட்டைத் தலை, பின்னந்தலையில் பார்கோடு, ஆறடிக்கும் மேல் உயரம் உள்ள ஒரு வெள்ளைக்காரர் மும்பை தையல்காரர் வேஷத்தில் வந்து நிற்கிறார், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. லாஜிக் கேட்கக் கூடாது. தமிழ்ப் படத்தில் ஒரு மச்சம் ஒட்டிக்கொண்டால் அம்மாவுக்கே மகனை அடையாளம் தெரியாது, நாம் ஒத்துக்கொள்ளவில்லையா?

ஆனால் எல்லோரையும் ஏமாற்ற முடியாது. சிலரின் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அவர்களுக்கு அந்த உடைக்காரர்கள் எல்லோரையும் முகத்தோடு தெரியும் என்று அர்த்தம். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடை அக்காவின் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், அவசரத்தில் முழம் போடச் சொல்லும் வாடிக்கையாளர் கவனிக்க மாட்டார், பக்கத்துக் கடைக்காரர் உடனே கேட்பார். அதே கதைதான். பெரும்பாலும் அந்தக் குழுவின் மேஸ்திரியோ மூத்த காவலரோதான் அப்படி இருப்பார். உடை மாறினால் புள்ளி இருக்கும் ஆட்களும் மாறுவார்கள். அதனால் ஒவ்வொரு முறை உடை மாற்றியதும் ஒரு நொடி நின்று, சுற்றிலும் யார் தலைமேல் புள்ளி என்று பாருங்கள்.

அப்படி ஒருவர் எதிரே வந்தால் ஓடாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். முதுகைக் காட்டித் திரும்பி வேறு பக்கம் நடங்கள். திரையில் சந்தேகக் குறி நிரம்பிக்கொண்டே வரும். நிரம்பும் முன் அவர் பார்வையிலிருந்து விலகிவிட்டால் அடங்கிவிடும். மும்பைத் தெருக்களில் இதற்கு இன்னொரு வசதி உண்டு. கூட்டத்துக்குள் நுழைந்தால் 47 அதோடு கலந்துவிடுவார். இந்த ஊரில் கூட்டத்துக்கா பஞ்சம்?

உடையை எப்படி எடுப்பது?

கழற்றி வைத்த உடை அங்கங்கே கிடக்கும். கிடைத்தால் அதையே எடுங்கள், யாரையும் தொட வேண்டிய வேலையே இல்லை. கிடைக்காவிட்டால் தனியாக நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தனியாக என்றால், அவரைப் பார்க்கும் கோணத்தில் வேறு யாருமே இல்லாமல். சந்து முனையைத் திரும்பிப் பாருங்கள், மேலே பால்கனியையும் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும் அறையில் ஜாக்கிரதை: ஹிட்மேன் 2 முதல் அவர்கள் கண்ணாடியிலும் உங்களைப் பார்ப்பார்கள்.

யாரும் தனியாக இல்லையென்றால் காசை எறிந்து வரவழையுங்கள். காசு விழும் சத்தம் கேட்டதும் ஒருவர் என்ன என்று பார்க்க வருவார். முக்கியமான விஷயம், காசை எங்கே எறிவது என்பது. மயக்கிய பிறகு உடலை ஒளித்து வைக்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே எறியுங்கள். அப்போது இழுத்துக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டியதில்லை. பின்னாலிருந்து நெருங்கும்போது மட்டும் குனிந்து மெதுவாகப் போங்கள். ஓடினால் காலடிச் சத்தத்தில் திரும்பிவிடுவார். கழுத்தைப் பிடித்து மயக்கி, உடையை மாற்றி, ஆளைப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். ஒரு பெட்டியில் இரண்டு பேர் வரை போடலாம். பெட்டியில் இருப்பவரை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இதை முடித்த கையோடு சேவ் செய்துகொள்ளுங்கள்.

கேமரா

சுவரில் இருக்கும் கேமராவைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பதிவாகிவிட்டால் பதற வேண்டாம். பதிவு செய்யும் கருவி எங்காவது ஒரு பாதுகாப்பு அறையில் இருக்கும். அதைத் தேடிப்போய் அழித்துவிட்டால் போன ரேட்டிங் திரும்பி வரும். மற்ற மூன்று தவறுகளுக்கும் இந்த மன்னிப்பு கிடையாது.

டார்கெட்டை முடிப்பது

புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே: விபத்து. விபத்தாகத் தோன்றும் சாவில் உடலை யார் பார்த்தாலும் ரேட்டிங் போகாது. உயரமான இடத்தில் கைப்பிடி ஓரம் நிற்பவரைத் தள்ளுவது, தண்ணீர் தேங்கிய இடத்தில் மின்சாரம் பாய்ச்சுவது, தலைக்கு மேல் தொங்கும் கனமான பொருளை விழவைப்பது எல்லாம் விபத்துதான். நீங்கள் அதைச் செய்வதை மட்டும் யாரும் பார்க்கக் கூடாது.

மெய்க்காவலர்கள் ஒட்டிக்கொண்டே வரும் டார்கெட்டுக்கு எலி மருந்து நல்ல உபாயம். அவர் குடிக்கும் கோப்பையில் கலந்துவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடுவார். நீங்கள் முன்பே அங்கே காத்திருக்கலாம். காவலர் பெரும்பாலும் வாசலில் நின்றுவிடுவார். தண்ணீரில் மூழ்கடித்தால் அதுவும் விபத்துக் கணக்கு.

மும்பைக்கென்றே ஒரு சலுகையும் இருக்கிறது. காஷ்மீரியன் என்ற இன்னொரு கூலிக் கொலையாளி இந்த ஊரில் தங்கியிருக்கிறான். ரங்கனையும் வான்யாவையும் சுடத்தான் அவனும் வந்திருக்கிறான். அவன் துப்பாக்கி எட்டும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் மீதியை அவன் பார்த்துக்கொள்வான், பழி உங்கள் மேல் வராது. 'மிஷன் ஸ்டோரி' என்ற பகுதியில் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று திரையே வழிகாட்டும். முதல் முறை முடிப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இந்த ஊரில் இல்லை என்பது என் கருத்து. மூன்றாமவரான மேல்ஸ்ட்ரோமுக்கு முடிதிருத்துபவர் வேஷம் ஒரு நல்ல வாய்ப்பு. சவரத்துக்குக் கழுத்தைக் காட்டி உட்காரும் ஒருவரை இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

வெளியேறுவது

மூவரும் முடிந்ததும் மேப்பைத் திறந்தால் வெளியேறும் வழிகள் தெரியும். பக்கத்தில் இருப்பதை விட, நீங்கள் போட்டிருக்கும் உடைக்கு அனுமதியுள்ள பாதையில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நிமிடத்தில் வெள்ளைப் புள்ளிக்காரர் ஒருவரிடம் போய் மோதினால் அத்தனையும் வீண். கிளம்பும் முன் டிராக்கரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவு பாக்கி இருந்தால் இப்போதே போய் அழித்துவிட்டு வரலாம்.

ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் மாஸ்டரி, அதாவது அந்த ஊரில் உங்கள் தேர்ச்சி நிலை, ஏறும். அதோடு புதிய தொடக்க இடங்களும் திறக்கும். சிலவற்றில் வேஷத்தோடேயே ஆரம்பிக்கலாம் என்பதால் இரண்டாவது முறை வேலை பாதியாகும். 'சூட் ஒன்லி' என்று இன்னொரு சவால் இருக்கிறது, அதில் உடையே மாற்றக் கூடாது. அதை மும்பையில் தொடங்காதீர்கள். முதல் ஊரான ஹாக்ஸ் பேயில் கடற்கரையோரம் ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு டார்கெட். அங்கே பழகிவிட்டு வாருங்கள்.