பல வருடம் கிடந்த ஜெட் ஸ்கீ: என்ஜினைப் பிரிக்கலாமா, வேண்டாமா?

பல வருடம் மூடி வைத்த டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீயை (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) வெளியே எடுத்ததும் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிடாதீர்கள். சிலிண்டருக்குள் துரு இருந்தால், நல்ல பிஸ்டனும் அப்போதே கீறல் விழுந்து கெட்டுவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் என்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவே இல்லை, அல்லது பேரிங் கரகரக்கிறது என்றால் பிரித்தே ஆக வேண்டும்.

சரி, வழுக்கிக்கொண்டு சுற்றுகிறதா? பிளக் வயர்களை எர்த் செய்து (என்ஜின் உலோகத்தோடு இணைத்து), உள்ளே தேங்கிய ஆயில் வெளியேறும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஆயில் மிச்சமிருந்தால், அடுத்துப் பார்க்கும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளவு கூடுதலாகக் காட்டும். அப்புறம் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் பாருங்கள். பல டூ ஸ்ட்ரோக் என்ஜின்களில் 120 முதல் 150 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக வந்துவிட்டது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள்பட்டுக் கிடந்தால் கிராங்க் சீல்கள் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) காய்ந்து, வெளிக்காற்று உள்ளே கசியும். கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி உருகும். கம்ப்ரஷன் கேஜ் இதைக் காட்டாது. என்ஜினுக்குள் காற்று வரும், புகை போகும் வாய்களை அடைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் பிசின் அடைத்திருந்தாலும் இதே கதிதான். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு), பெட்ரோல் குழாய்களை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.