மூன்றாவது கம்பிக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனத்துக்கு: மெய்நிகர் கடற்படை ஸ்குவாட்ரனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு விடிகாலை ஐந்தரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஹெட்செட்டை மாட்டினால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்த நாலு பேர் ரேடியோவில் காத்திருக்கிறார்கள். டிசிஎஸ் வேர்ல்ட் என்னும் கணினி விமானச் சிமுலேட்டரில் இயங்கும் கடற்படைப் போர் விமான ஸ்குவாட்ரன்கள், அதாவது விமான அணிகள், பலவும் இப்படித்தான். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, குறித்த நேரம். ஒரு விமானந்தாங்கிக் கப்பல். ஓட்டுவது எஃப்/ஏ-18சி ஹார்னெட் அல்லது எஃப்-14 டாம்கேட். பாடத்திட்டம், தேர்வு, ரேங்க் எல்லாம் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது.

நானும் சில வருடங்களாக இப்படி ஒரு அணியில் பறக்கிறேன். ஆசையோடு வந்தவர்கள் பாதியில் கழன்றுகொள்வதைப் பார்த்திருக்கிறேன். திறமை போதாமல் போனவர்கள் அதில் குறைவு. ‘இவன் எத்தனை விமானத்தைச் சுட்டான்’ என்று அணியில் யாரும் எண்ணுவதில்லை. ‘இவன் அடுத்து என்ன செய்வான் என்று நமக்குத் தெரியுமா, இவனை நம்பி இருட்டில் பக்கத்தில் பறக்கலாமா’ என்றுதான் பார்க்கிறார்கள். இது பிடிபடாததால் வரும் தவறுகள்தான் முக்கால்வாசி.

சின்னத்தைப் பார்த்து மயங்குவது

மண்டை ஓடும் குறுக்கெலும்பும் போட்ட ஜாலி ராஜர்ஸ் சின்னத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்தச் சின்னத்தோடு பறந்த அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-84 அணி 1995ல் கலைக்கப்பட்டு, சின்னமும் பெயரும் விஎஃப்-103க்குப் போனது. டாம்கேட் விமானமே 2006ல் அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. இன்றைக்கு இணையத்தில் இப்படிப்பட்ட பெயர்களை வைத்திருப்பவர்கள் ரசிகர்கள். கடற்படையோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பறப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால், அவர்களுடைய கோடையில் நமக்கு மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. பிரிட்டனில் குளிர்கால இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறவர் இதை எத்தனை வாரம் தாங்குவார்? நாம் கடிகாரத்தைத் திருப்புவதில்லை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். ஐரோப்பியர்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட வாரங்களில் இரண்டு கண்டத்தவரும் கலந்த அணியில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் முன்போ பின்போ வந்து நிற்பார். முதல் வருடம் அது நான்தான். எல்லா நேரத்தையும் ஜூலு நேரத்தில், அதாவது கிரீன்விச் கணக்கில் குறித்துக்கொண்டு ஐந்தரை மணி கூட்டிப் பாருங்கள். குழப்பம் தீரும்.

பணத்தை முதலில் கொட்டுவது

சேருவதற்கு முன்பே விமானத்தையும் விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக்கையும் வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. டிசிஎஸ்ஸின் அடிப்படை இலவசம். அதனுடனே சுகோய்-25டி விமானம் ஒன்று வருகிறது. பல விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கவும் முடியும். ஹார்னெட் அணியில் சேரப் போகிறீர்களா டாம்கேட் அணியிலா, எந்த வரைபடம் வேண்டும், சூப்பர்கேரியர் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் இணைப்பு வேண்டுமா என்றெல்லாம் அணியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். (ஐஎன்எஸ் விக்ராந்திலிருந்து மிக்-29கே ஓட்டலாம் என்று வருபவர்களுக்கு ஒரு ஏமாற்றம்: டிசிஎஸ்ஸில் அது ஓட்டக் கிடைக்காது. வளைந்த முகப்பில் ஏறிப் பறக்கும் அனுபவத்துக்கு குஸ்னெட்ஸோவ் கப்பலும் சுகோய்-33ம்தான்.)

காசு மிச்சமிருந்தால் தலையசைவைப் பின்தொடரும் கருவிக்கும் ஒரு யூபிஎஸ்ஸுக்கும் செலவழியுங்கள். கணினிக்கு இன்வெர்ட்டர் இருந்து ரவுட்டருக்கு இல்லாமல், கப்பலுக்குக் கால் மைல் தூரத்தில் நான் ஒருமுறை காணாமல் போயிருக்கிறேன்.

மைக் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேசும்போது மட்டும் பட்டனை அழுத்துங்கள். மின்விசிறி இரைச்சலும் குக்கர் விசிலும் நமக்குப் பழகியவை. இரவு நேரத் தரையிறக்கத்தில் இருக்கும் மற்றவருக்கு அப்படி இல்லை.

‘எனக்கு ஏற்கெனவே தெரியும்’

விண்ணப்பத்தில் ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்கிறேன் என்று எழுதுவதில் தப்பில்லை. அதை வைத்து அடிப்படைப் பயிற்சியைத் தாண்டிப் போகப் பார்ப்பதுதான் தப்பு. நிஜக் கடற்படையிலேயே புதிய வகை விமானத்துக்கு மாறும் பைலட், எத்தனை அனுபவம் இருந்தாலும், அந்த விமானத்துக்கான பயிற்சி ஸ்குவாட்ரனுக்குப் போய்த்தான் வர வேண்டும். பழைய ஆட்கள் அதை ராக் என்பார்கள். டாம்கேட்டுக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஓஷியானா தளத்தில் விஎஃப்-101 இருந்தது. ஹார்னெட்டுக்கு அங்கேயே விஎஃப்ஏ-106ம், மேற்குக் கரையில் லெமூரில் விஎஃப்ஏ-125ம். மெய்நிகர் அணிகளும் இதே ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றன. தனியாகப் பறந்து பழகியவருக்குக் கெட்ட பழக்கங்களும் கூடவே வரும், அவற்றைக் கழற்றவே பாதிப் பயிற்சி ஆகும்.

கப்பலில் இறங்குவது

இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும். அதிகம் பேர் மனமுடைவது இங்கேதான்.

பகலில், வானம் தெளிவாக இருக்கும்போது இறங்கும் முறைக்கு கேஸ் ஒன் என்று பெயர். கப்பலின் பின்னாலிருந்து 800 அடியில் வந்து, அதைக் கடந்து இடப்பக்கம் முறித்துத் திரும்பி, 600 அடியில் கப்பலுக்கு எதிர்த்திசையில் பறந்து, மறுபடி திரும்பி அதன் பின்னால் நேராக வேண்டும். நேரான பிறகு கையில் இருப்பது 15 முதல் 18 விநாடி. புதியவர் அந்த விநாடிகளில் தளத்தையே வெறித்துப் பார்ப்பார். விமானத்தின் கொக்கியில் மாட்டி அதை நிறுத்தும் கம்பி எங்கே, எங்கே என்று தேடுவார். தேடினால் மூக்கு தானாகத் தாழும். கப்பலின் பின்விளிம்பு பெரிதாகும். அப்புறம் பயந்து எஞ்சினைக் கூட்டி, எல்லாக் கம்பிகளையும் தாண்டிப் போய்விடுவார்.

பார்க்க வேண்டியது மூன்றே மூன்று: சரியான உயரத்தில் வருகிறோமா என்று காட்டும் மீட்பால் என்னும் விளக்கு, தளத்தின் நடுக்கோடு, விமானம் காற்றைச் சந்திக்கும் கோணம். ஹார்னெட்டுக்கு அந்தக் கோணம் 8.1 டிகிரி. ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்காமலே அந்தக் கோணம் நிற்கும்படி டிரிம் செய்துவிட்டால், உயரத்தை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலே பார்த்துக்கொள்ளும். உயரம் குறைகிறதென்று ஜாய்ஸ்டிக்கை இழுப்பது தரை ஓடுபாதையில் வந்த பழக்கம்; அது இங்கே கூடாது.

இன்னொன்று பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இறங்கும் தளம் கப்பலின் நீளவாட்டிலிருந்து சுமார் 9 டிகிரி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது; கப்பலோ நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே நீங்கள் குறிபார்த்த கோடு வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நேராக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், தளத்தைத் தொடும்போது நீங்கள் இடப்பக்கம் இருப்பீர்கள். சின்னச் சின்னதாக வலப்பக்கம் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

சக்கரம் தொட்டதும் ‘அப்பாடா’ என்று த்ராட்டிலைக் குறைப்பது இன்னொரு தவறு. கொக்கி கம்பியில் மாட்டியதா என்று அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. தொட்டதும் முழு வேகம் கொடுக்க வேண்டும். மாட்டியிருந்தால் கம்பி உங்களை நிறுத்தும். மாட்டாவிட்டால் மறுபடி பறக்க வேகம் இருக்கும். குறைத்துவிட்டு மாட்டாமல் போனால் கடல்தான்.

அப்புறம் மதிப்பெண் சண்டை. எல்எஸ்ஓ என்னும் தரையிறக்க அதிகாரி ஒவ்வொரு இறக்கத்துக்கும் மதிப்பெண் தருவார்: ஓகே என்றால் 4, ஃபேர் 3, கம்பியைத் தவறவிட்ட போல்ட்டர் 2.5, நோ கிரேடு 2, இறங்காமல் மேலே போகச் சொல்லப்பட்ட வேவ் ஆஃப் 1. ‘மூன்றாவது கம்பியைத்தானே பிடித்தேன், ஏன் நோ கிரேடு?’ என்று ஆரம்பிப்பார்கள். நாலு கம்பி உள்ள தளத்தில் மூன்றாவதுதான் குறி என்பது சரி. ஆனால் மதிப்பெண் வந்த விதத்துக்கு. தடுமாறி வந்து கடைசியில் அதிர்ஷ்டத்தால் மூன்றாவதில் விழுந்தால் அதைப் பாராட்ட மாட்டார். வாதாடாதீர்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், பறந்ததைப் பதிவு செய்து காட்டும் டாக்வியூ மென்பொருளில் பதிவை ஓட்டிப் பாருங்கள். ‘வேவ் ஆஃப்’ என்று அவர் சொன்ன பிறகும் இறங்குகிறவரை மட்டும் எந்த அணியும் எளிதில் மன்னிக்காது.

நான்கு சொற்கள்

ரேடியோ ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற தமிழர்களிடம் நான் சொல்வது: அது ஆங்கிலமே இல்லை, மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்பட்டியல். உச்சரிப்பை யாரும் கேலி செய்வதில்லை. வேகமாகப் பேசுவதுதான் பிரச்சினை. வேண்டுமானால் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள்.

ஆனால் இந்த நாலு சொற்களைக் குழப்பாதீர்கள். நம் அணியின் விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் விஷுவல், தெரியாவிட்டால் பிளைண்ட். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் டாலி. தெரியாவிட்டால் நோ ஜாய். லீடர் ‘எதிரியைப் பார்த்தாயா’ என்று கேட்கும்போது நீங்கள் ‘விஷுவல்’ என்றால், நீங்கள் லீடரைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் எடுத்துக்கொள்வார். அதைவிட மோசம், லீடரைத் தவறவிட்டுவிட்டு வெட்கத்தில் பேசாமல் இருப்பது. இரண்டு விமானம் ஒரே மேகத்துக்குள் நுழைந்து ஒன்றோடொன்று மோதிக்கொள்வது பெரும்பாலும் இந்த மௌனத்தால்தான். ‘பிளைண்ட்’ என்று சொல்ல அரை விநாடி போதும். லீடர் உயர வித்தியாசம் கொடுத்துவிடுவார்.

கப்பலை நெருங்கி விளக்கு தெரிந்ததும் சொல்ல வேண்டிய வாசகத்தையும் சிலர் சடங்காக நினைத்து விழுங்கிவிடுகிறார்கள். விமானத்தின் எண், வகை, ‘பால்’ (மீட்பால் தெரிகிறது என்று பொருள்), எரிபொருள். ‘ஃபோர் பாயின்ட் டூ’ என்றால் 4,200 பவுண்டு மிச்சம். வகையைச் சொல்வதற்குக் காரணம், கம்பியின் இழுவிசையை வந்திறங்கும் விமானத்தின் எடைக்குத் தக்கபடி வைக்க வேண்டும் என்பது. சிமுலேட்டரில் அந்தக் கவலை இல்லைதான். இருந்தாலும், ஏன் என்று தெரிந்தவருக்கு வாசகம் மறக்காது.

மேலே ஏறுவது

ரேங்க் வேறு, தகுதி வேறு. லெப்டினென்ட் பட்டம் வந்துவிட்டதால் நாலு விமானத்தை வழிநடத்தலாம் என்று அர்த்தமில்லை. இரண்டு விமானம் சேர்ந்தது செக்‌ஷன், நாலு சேர்ந்தது டிவிஷன். நிஜக் கடற்படையின் பயிற்சி ஏணியில், லீடருக்குத் துணையாகப் பறக்கும் விங்மேன் இரண்டாம் நிலை, செக்‌ஷன் லீடர் மூன்றாம் நிலை, டிவிஷன் லீடர் நான்காம் நிலை. மெய்நிகர் அணிகள் பலவும் இதைத்தான் சுருக்கியோ நீட்டியோ வைத்திருக்கின்றன.

விங்மேனாக இருக்கும்போது செய்யும் பெரிய தவறு, எதிரி தெரிந்ததும் லீடரை விட்டுவிட்டுப் பாய்வது. நாலு விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டு வந்து, ‘ஏன் என்னை ஃபெயிலாக்கினீர்கள்’ என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய லீடர் அப்போது பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

வானத்தில் எரிபொருள் நிரப்புவதைப் பயிற்சி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதைத் தனியாக, வார நாட்களில், இருபது நிமிடம் இருபது நிமிடமாகப் பழகுங்கள். எரிபொருள் குழாயின் நுனியில் இருக்கும் கூடையைப் பார்க்காமல் டேங்கர் விமானத்தைப் பார்த்துப் பறங்கள். சனிக்கிழமை இரவில் உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் எரிபொருளுக்காகக் காத்திருக்கும்போது வியர்த்துக் கொட்டுவதில் பயனில்லை.

படிக்காமல் மேலே போக முடியாது. அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சிக் கையேடுகள் சில பொதுவெளியிலேயே கிடைக்கின்றன, அவை போதும். கட்டுப்படுத்தப்பட்ட ஆவணம் எதையாவது தேடி எடுத்து அணியில் போட்டு அசத்த நினைக்காதீர்கள். வார் தண்டர் விளையாட்டில் டாங்கி பற்றிய வாதத்தில் ஜெயிக்க ராணுவ ஆவணத்தைப் போட்டு செய்தியில் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். உங்களால் அணியே மூடப்படலாம்.

பட்டத்தை வெளியில் தூக்கிக்கொண்டு அலைவதும் வேண்டாம். இப்படிப்பட்ட அணிகளில் நிஜமாகவே கப்பலில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார்கள்.

பறக்காத நேரத்து வேலையும் கணக்கில் வரும். மிஷன் தயாரிப்பவர், புதியவருக்கு விடிகாலையில் உட்கார்ந்து சொல்லித் தருபவர், வருகைப் பதிவைப் பார்ப்பவர், இவர்கள் இல்லாமல் அணி ஓடாது. அதற்காக ஆறு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அப்புறம் சொல்லாமல் மறைந்துபோக வேண்டாம். குழந்தைக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு வரி எழுதி விடுப்பு வாங்குங்கள். கொடுக்காத அணியை நான் பார்த்ததில்லை.

என் செக்‌ஷன் லீடர் தேர்வில் நான் முதல் தடவை தோற்றேன். இலக்கை அடித்தேன், நேரத்துக்குக் கப்பலுக்கும் வந்தேன். வரும் வழியில் விங்மேனிடம் எரிபொருள் எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அடித்த திருப்பங்களுக்கெல்லாம் ஈடுகொடுத்து, அவர் என்னைவிட அதிகம் எரித்திருந்தார்; என்னுடைய ஹார்னெட் கம்பியில் நின்றபோது அவருடையது கப்பலுக்கு ஆறு மைல் தள்ளிக் கடலில் இருந்தது. தேர்வாளர் அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மூன்று வாரம் கழித்து மறுபடி அதே மிஷன், அதே விங்மேன். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் நான் கேட்பதற்கு முன்பே அவர் சிரித்துக்கொண்டே தன்னுடைய எரிபொருளைச் சொல்லிவிட்டார்.