தாய்லாந்து ராட்சதச் சேம்பு: விதையை மண்ணில் புதைக்காதீங்க

குடை அகல இலை பார்க்க ஆசையா? ‘தாய்லாந்து ஜெயன்ட்’ சேம்பு வளர்த்துப் பாருங்க. நன்றாகத் தேறினால் ஒரு இலையே 4 அடிக்கு மேல் நீளும். சாம்பல் பச்சையில், மாவு பூசின மாதிரி அத்தனை அழகு!

பக்கக்கன்று அதிகம் விடாது, அதனால் விதைதான் நல்ல வழி. விதை தூசி போலப் பொடிசு. நனைந்த தென்னைநார்க்கழிவு மேல் தூவினால் போதும், மண் போட்டு மூடவே மூடாதீங்க. முளைக்க வெளிச்சம் வேண்டும். தொட்டி வாயைப் பாலித்தீனால் கட்டினால் ஈரம் காயாது.

நாற்று தேறியதும் காற்றடிக்காத மூலையில் நட்டுவிடுங்க, இல்லையென்றால் இலை கிழிந்துவிடும். இளங்காலை வெயில், மதியம் நிழல், தாராளமாகத் தொழுவுரம். மண் ஈரம் காயக்கூடாது.

காம்பு வெட்டும்போது கையுறை கட்டாயம். சாறு பட்டால் பயங்கரமாக அரிக்கும்.