கணவாய்க்குள் இருப்பது எலும்பு இல்லை

காசிமேட்டிலிருந்து ஓட்டுக் கணவாய் வாங்கி வந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். முதுகுப் பக்கத் தோலைக் கீறியதும் வெள்ளையாக, சின்னப் படகு மாதிரி ஒன்று வழுக்கிக்கொண்டு வரும். "எலும்பு இருக்கே மிஸ், அப்புறம் எப்படி இது முதுகெலும்பில்லாதது?" என்று என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அது எலும்பு இல்லை, ஓடு. கணவாய் நத்தைக்கு உறவு. நத்தைக்கு வெளியே இருக்கும் ஓடு இதற்கு உடம்புக்குள் இருக்கிறது. நம் எலும்பில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். இந்த ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. உட்பக்கத்தை நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிரும். ஒடித்து வெளிச்சத்தில் பாருங்கள், காகிதக் கனத்தில் அடுக்கடுக்காக அறைகள் தெரியும். அந்த அறைகளில் நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் மேலும் கீழும் போகிறது. லவ்பேர்ட்ஸ் கூண்டில் 'கடல் நுரை' என்று செருகி வைக்கிறோமே, அதுவும் இதேதான். முதுகெலும்பு என்றால் தண்டுவடத்தைக் காக்கிற, கோத்த மணிகள் போன்ற எலும்பு வரிசை. உள்ளே கெட்டியாக ஏதோ இருக்கிறது என்பதற்காக எதையும் முதுகெலும்பு ஆக்கிவிடக் கூடாது.

அடுத்த தவறு, பெயரை நம்புவது. நட்சத்திர மீன், சொறி மீன், இரண்டும் மீனே இல்லை. நட்சத்திர மீனுக்கு மூளையும் கிடையாது, ரத்தமும் கிடையாது; உடம்புக் குழாய்களில் கடல்நீர்தான் ஓடுகிறது. அதன் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாக இருக்கும் குழாய்க் கால்களை நகர்த்துவதும் அந்த நீர்தான். கடல் அட்டையும் இதன் உறவு, வயல் அட்டைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வயல் அட்டை மண்புழுவின் இனம். படகின் அடியில் சிப்பி போல ஒட்டியிருக்கும் கொட்டலசும் நண்டு, இறால் வகையறாதான். பவளத்தையும் கடற்பஞ்சையும் இன்னமும் செடி என்று எழுதுகிறார்கள், இரண்டும் விலங்குகள்.

முதுகெலும்பில்லாதவை எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைப்பதும் சரியில்லை. முதுகெலும்பு இல்லை என்ற ஒன்றை வைத்து நாம் போட்ட கூட்டம் அது. பரிணாம உறவில் பார்த்தால் நட்சத்திர மீன் இறாலைவிட நமக்குத்தான் நெருக்கம். இதைச் சொன்னால் வகுப்பே நம்பாது. எனக்குப் பிடித்த பாடமே இதுதான்.

ஒரு தவறு மட்டும் மதிப்பெண்ணோடு போகாது. பெசன்ட் நகரில் அலை ஒதுக்கிப் போட்ட சொறி மீனை, செத்துவிட்டது என்று பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். அதன் கொட்டும் செல்கள் தொட்டாலே வெடிப்பவை. உத்தரவிட மூளையும் வேண்டாம், உயிரும் வேண்டாம். காய்ந்து கிடப்பதும் கொட்டும். அப்படிக் கொட்டிவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், பாட்டில் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். இரண்டுமே தோலில் ஒட்டியிருக்கும் மற்ற செல்களையும் வெடிக்கவைக்கும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.