சுனிதி சாலமனின் சைட்டேஷன் கணக்கைப் பார்ப்பது எப்படி

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். "மேடம், இந்த விஞ்ஞானிக்கு எத்தனை சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று மாணவர்கள் அடிக்கடி வந்து நிற்பார்கள். சைட்டேஷன் என்றால் ஒருவருடைய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது. அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஒரு எண்தான் எச்-இன்டெக்ஸ், அதைப் பின்னால் சொல்கிறேன். எண்ணை எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அது யாருடைய எண், எந்த உழைப்பிலிருந்து வந்தது என்று பார்க்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கான வழியைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு டாக்டர் சுனிதி சாலமனை எடுத்துக்கொள்வோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்த ஆய்வு இவர் வழிகாட்டுதலில் தொடங்கியது. 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை, ஆய்வு மையத்தைச் சென்னையில் தொடங்கினார், 2015-இல் மறைந்தார்.

முதலில் பெயரைச் சுத்தம் செய்யுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் 'எஸ். சாலமன்' என்று தேடினால் அன்டார்க்டிகா ஓசோன் படலத்தை ஆராய்ந்த சூசன் சாலமனும் வருவார். நேச்சர் இதழில் வந்த அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் அதே 1986-இல்தான் வெளிவந்தது. சுனிதியின் மகன் சுனில் சாலமனும் எச்.ஐ.வி. ஆய்வாளர். 'எஸ்.எஸ்.' என்று ஒரு எழுத்துதான் கூடுதல், துறையும் ஒன்றே. ஒரு மாணவி கொண்டுவந்த பட்டியலில் ஓசோன் கட்டுரைகள் கலந்திருந்தன. அவற்றை நீக்கியதும் மொத்தக் கணக்கே மாறிவிட்டது. அதனால் பெயரோடு 'சென்னை' என்ற முகவரியையும் சேர்த்துத் தேடுங்கள், கூட எழுதியவர்கள் யார் என்றும் பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயர். ஆய்விதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்டால் ஒரு தடவை அப்பா பெயரும் இன்னொரு தடவை சொந்தப் பெயரும் போய்விடும், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது தலைப்பு. எச்.ஐ.வி. என்ற பெயரே 1986-இல்தான் நிலைத்தது. பிரான்சுவாஸ் பாரே-சினூசி குழு 1983-இல் சயின்ஸ் இதழில் வைரஸை அறிவித்த கட்டுரையின் தலைப்பில் அந்த மூன்று எழுத்துகள் கிடையாது. தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பைச் சொன்ன 1987 கட்டுரையின் தலைப்பில் இருப்பது எச்.டி.எல்.வி-3 என்ற பழைய பெயர். புதுப் பெயரை மட்டும் தட்டச்சு செய்தால் தொடக்கமே விட்டுப்போகும்.

அப்புறம் அந்த 1987 கட்டுரையைத் திறந்து பெயர் வரிசையைப் பாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். முதல் பெயர் சிமோஸ், பிறகு பாபு, ஜேக்கப் ஜான். நிர்மலா நான்காவது, சாலமன் ஐந்தாவது. யார் இந்த நிர்மலா? சுனிதியிடம் படித்த முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தவர். மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் கணவரோடு ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. பிறகு சென்னை கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்புக்குப் போய்விட்டார். எந்த எச்-இன்டெக்ஸும் இவரை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காது. ஆகவே ஒவ்வொரு முக்கியக் கட்டுரைக்கும் 'மாதிரியை எடுத்தது யார், சோதித்தது யார், எழுதியது யார்' என்று மூன்று வரி எழுதிவையுங்கள். எனக்கு இந்த மூன்று வரிதான் எண்ணைவிட முக்கியம்.

பெரிய எண்களைப் பார்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். எச்.பி.டி.என். 052 என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வு, இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 தம்பதிகளிடம் 9 நாடுகளில் நடந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96% குறைகிறது என்று 2011-இல் காட்டியது. முதல் பெயர் மைரன் கோஹன், ஆறாவது பெயர் சுனிதியின் ஒய்.ஆர்.ஜி. கேரில் இருந்த என். குமாரசாமி. ஒவ்வொரு எழுத்தாளர் கணக்கிலும் அந்த மேற்கோள்கள் முழுசாகவே ஏறும், பங்கு பிரிப்பதில்லை. இதைத் தள்ளிவிட வேண்டாம். தம்பதிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொள்வது சின்ன வேலையா? ஆனால் பன்னாட்டு ஆய்வுகளைச் சேர்த்து ஒரு கணக்கு, விட்டுவிட்டு ஒரு கணக்கு என்று இரண்டும் போடுங்கள்.

எச்-இன்டெக்ஸ் எளிது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். 20-வது கட்டுரைக்குக் குறைந்தது 20 மேற்கோள் இருந்து, 21-வதுக்கு 21 இல்லையென்றால் எண் 20. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன முறை இது. ஆயிரம் மேற்கோள் பெற்ற கட்டுரையும் இதில் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

சரி, கடைசி வேலை. மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்தைத் திறந்து, அந்த வாக்கியத்தைப் படியுங்கள். கணவரைத் தவிர வேறு உறவே இல்லாத மனைவிகளுக்குத் தொற்று வந்ததைச் சுனிதியின் குழு 2000-இல் எழுதியது. அதை ஒருவர் முன்னுரையில் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போகிறாரா, அதன்மேல் தன் வாதத்தையே கட்டுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை எழுதும்போது எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கூகுள் ஸ்காலரும், மேற்கோள்களைக் கணக்கிடும் இன்னொரு தளமான ஸ்கோபஸும் ஒரே எண்ணைத் தருவதில்லை.