ஷார்ட் சேல் காண்டோவில் பழைய பாக்கி யார் தலையில்?

கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்க வங்கி சம்மதிப்பதுதான் ஷார்ட் சேல். வங்கியே இறங்கிவந்துவிட்டது, இனி எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வங்கி விட்டுக்கொடுப்பது தன் பணத்தை மட்டும். காண்டோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், உரிமையாளர்கள் சங்கமான அசோசியேஷனுக்குச் சேர வேண்டிய மெயின்டனன்ஸ் பாக்கி அப்படியே நிற்கும்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இது இன்னும் கடுமை. அங்குள்ள காண்டோ சட்டத்தின் 718.116 பிரிவுப்படி, டைட்டில் (வீட்டின் உரிமை) கைமாறும் நாள்வரை சேர்ந்த பாக்கிக்குப் பழைய உரிமையாளரோடு புதியவரும் பொறுப்பு. 12 மாதக் கட்டணம், மூலக் கடனில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும் என்று ஒரு சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அது ஜப்தி செய்து வீட்டை எடுக்கும், முதல் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவருக்கு. ஷார்ட் சேலில் வாங்குபவருக்குக் கிடையாது.

விற்பவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். மாதம் 600 டாலர் வீதம் 24 மாதம் கட்டவில்லை என்றால் 14,400 டாலர். அதன்மேல் தாமதக் கட்டணம், வக்கீல் செலவு, வட்டி. காண்டோ விதிகளில் வட்டி விகிதம் குறிப்பிடாவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீதம்! அசோசியேஷன் தரும் எஸ்டாப்பல் என்ற பாக்கிச் சான்றிதழில்தான் முழுத்தொகை தெரியும். அதை நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் அதற்குமேல் பழைய பாக்கி கேட்க முடியாது. சான்றிதழைக் கேட்ட 10 வேலைநாளில் அசோசியேஷன் தர வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் 30 நாள்தான் செல்லும். வங்கியின் பதிலுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே பேரம் பேச ஒருமுறை, கிளோசிங்குக்கு (பணம் கொடுத்து உரிமையை மாற்றி முடிக்கும் நாளுக்கு) முன் மறுபடி ஒருமுறை வாங்குங்கள். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

அப்புறம், வங்கியின் சம்மதக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். அசோசியேஷனுக்கு இவ்வளவுதான் போகலாம் என்று உச்சவரம்பு இருக்கலாம். மீதியை யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அசோசியேஷன் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் அதுவும் எழுத்தில் வேண்டும். வங்கிக்குத் தெரியாமல் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். கிளோசிங் கணக்கில் வராத பணம் மோசடி வழக்கில் கொண்டுபோய் விடும்.

கட்டடத்தின் வயதையும் பாருங்கள். 2021-ல் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் காண்டோ இடிந்து 98 பேர் இறந்தபின், மூன்று மாடியும் அதற்குமேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குப் பரிசோதனை கட்டாயம். பழுதுபார்க்கும் செலவு சிறப்பு வசூலாக வரும். அடுத்த தவணைகள் உங்கள் பெயரில்தான், எனவே நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு விலை சொல்லுங்கள்.