செயற்கை ரப்பர் பால் திரிவது எங்கே?

கையுறை, ஆணுறை செய்யப் பயன்படும் பாலிஐசோப்ரீன் லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது: திட ரப்பரைக் கரைப்பானில் கரைத்து, சோப்பு நீரில் பால்மமாக்கி, பிறகு கரைப்பானை வெளியேற்றுவார்கள்.

கரைப்பானை மிச்சம் பிடிக்க 20% கரைசல் போடுவது முதல் தவறு. அது தேன்போல் இழுபடும். பால்மமாக்கும் கருவியான ஹோமோஜெனைசரால் துளியாக உடைக்க முடியாது. 10 கிலோ ரப்பருக்கு 90 கிலோ சைக்ளோஹெக்ஸேன் கரைப்பான் வையுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி ஊறவிட்டு, மெதுவாகக் கலக்கி, கரையாத பிசிறை வடிகட்டிவிடுங்கள். சைக்ளோஹெக்ஸேன் ஆவி எளிதில் தீப்பற்றும்; தொட்டிக்கு எர்த், மேலே நைட்ரஜன், தீப்பொறி எழாத மோட்டார் மூன்றும் கட்டாயம்.

அடுத்தது தண்ணீர். போர்வெல் நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பால்மமாக்கப் பயன்படும் ரோசின் சோப்பைக் கரையாத உப்பாக்கிவிடும். அயனி நீக்கிய நீரையே எடுங்கள். மேற்சொன்ன கரைசல் ஏறக்குறைய 126 லிட்டர் வரும். அதற்கு 63 லிட்டர் நீர், அதில் 1.5% பொட்டாசியம் ரோசினேட் (அந்த ரோசின் சோப்பு), பி.எச். 10–11 என்று தொடங்கலாம்.

பெரும்பாலான தொகுதிகள் கெடுவது கரைப்பானை வெற்றிடத்தில் வெளியேற்றும்போதுதான். 2 மைக்ரான் துளி, கரைப்பான் போனபின் 0.9 மைக்ரானுக்குச் சுருங்கும். துளிகளின் மொத்தப் பரப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடுவதால், பற்றியிருந்த சோப்பில் பெரும்பகுதி நீருக்குத் திரும்பி நுரையாகக் கிளம்பும். அந்நேரத்தில் வெற்றிடத்தைச் சட்டென்று கூட்டினால் நுரை குழாய்க்குள் ஏறும்; நுரைச் சுவரில் ரப்பர் காய்ந்து தோலாகும். நுரையடக்கியைக் குடமாகக் கொட்டுவதும் தீர்வல்ல. அதிலுள்ள சிலிகோன் மிஞ்சினால் பிற்பாடு கையுறைப் படலத்தில் குழிக்குழியாகக் கண் விழும். வெற்றிடத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நுரைக்குப் பயந்து சோப்பை முன்கூட்டியே குறைத்தால், ஹோமோஜெனைசரிலேயே துளிகள் ஒட்டிக்கொள்ளும். உபரிச் சோப்பு, பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 60% திடப்பொருளுக்குச் செறிவூட்டும்போது நீரோடு போய்விடும்.

கரைப்பானை வெளியேற்றும் முன் பால்மத்தை இரவு முழுக்க நிறுத்தி வைக்காதீர்கள். கரைசல் நீரைவிட இலேசானது, மேலே திரளும்.

ரப்பரை வல்கனைஸ் செய்ய (உறுதியாக்க) லேடெக்ஸில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடைத் தூளாகத் தூவினால் அந்த இடத்திலேயே கட்டி தட்டும். குண்டுகள் சுழன்று அரைக்கும் பால் மில்லில் (ball mill) நீரில் அரைத்து, பி.எச்.ஐ லேடெக்ஸுக்கு இணையாக்கிச் சேருங்கள். பித்தளை வால்வு வேண்டாம். தாமிரம் சிறிதளவு கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் நைந்துபோகும்.